ஸ்டேதமின் உடம்பு எங்கிருந்து வந்தது

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து, கோயில் வரை நடந்து போய் வருகிறார் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்குகிறது, வீட்டில் டிவி சத்தமே கிடையாது.

கதிர், ஹாலிவுட் சண்டைப் பட நடிகர் ஜேசன் ஸ்டேதம் மாதிரி ஆக வேண்டும் என்று ஜிம்மில் சேர்ந்து, டப்பா டப்பாவாகப் புரோட்டீன் பவுடர் வாங்குகிறான் என்று எழுதியிருந்தாய். அவனைத் திட்டாதே. நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறான். ஆனால் அந்த உடம்பு எப்படி வந்தது என்பதை யாராவது அவனுக்குச் சொல்ல வேண்டும்.

ஸ்டேதம் சினிமாவுக்கு வருமுன் டைவிங் வீரர், அதாவது உயரமான மேடையிலிருந்து தண்ணீரில் குதிக்கும் விளையாட்டு. 1990-இல் ஆக்லாந்து காமன்வெல்த் போட்டியில் இங்கிலாந்துக்காகக் குதித்தவர். பதக்கம் கிடைக்கவில்லை. வாழ்க்கையை ஓட்டத் தெருமுனையில் வாசனைத் திரவியமும் நகையும் விற்றிருக்கிறார். பத்து மீட்டர் உயரத்திலிருந்து குதித்தால் தண்ணீரைத் தொட இரண்டு நொடிகூட ஆகாது. தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். அதற்குள் சுழன்று, முறுக்கி, அம்பு மாதிரி நிமிர வேண்டும். தன் கை கால் எந்தக் கணத்தில் எங்கே இருக்கிறது என்ற அந்த உணர்வு வருஷக்கணக்காகப் பழகி வருவது. அவருடைய சண்டைகளில் நான் பார்ப்பது அதைத்தான்.

'தி ட்ரான்ஸ்போர்ட்டர்' (2002) படத்தில் பஸ் கேரேஜில் எண்ணெயைக் கொட்டிவிட்டு ஒரு சண்டை வரும், ஞாபகம் இருக்கிறதா? அடியாட்கள் நிற்க முடியாமல் வழுக்கி விழ, இவர் சட்டையில்லாமல் அந்த எண்ணெயிலேயே சறுக்கி அடிப்பார். பிறகு சைக்கிள் பெடல்களைக் காலில் மாட்டிக்கொண்டு அவர் மட்டும் ஊன்றி நிற்பார். அந்தச் சண்டையை அமைத்தவர் ஹாங்காங்கின் கோரி யூன், பீக்கிங் ஓபரா என்கிற சீன நாடகக் கலையைக் கற்றுத்தரும் பள்ளியில் ஜாக்கி சானோடு வளர்ந்தவர். ஒவ்வொரு உதைக்கும் ஷாட்டை வெட்டி மறைக்க வேண்டிய அவசியம் ஸ்டேதமிடம் இல்லை. ஆள் தெரிகிற மாதிரி கேமராவைத் தள்ளி வைக்கலாம். எனக்கு இன்றைக்கும் அலுக்காத சண்டை அது.

'டெத் ரேஸ்' (2008) சமயத்தில் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படையான 'சீல்' பிரிவின் முன்னாள் வீரர் லோகன் ஹூட் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். அதில் ஒன்றைக் கதிரிடம் சொல். ஃபிரண்ட் ஸ்குவாட் (எடையைத் தோளின் முன்பக்கம் தாங்கி உட்கார்ந்து எழுவது), புல்-அப், புஷ்-அப் உட்பட ஐந்து பயிற்சிகள். முதல் சுற்றில் ஒவ்வொன்றும் பத்து, அடுத்ததில் ஒன்பது, இப்படியே குறைந்து ஒன்றில் முடியும். ஒவ்வொன்றிலும் மொத்தம் 55. எடுத்தவுடன் இதில் இறங்கவும் மாட்டார், துடுப்பு மெஷினில் உடம்பைச் சூடேற்றிய பிறகுதான். சாப்பாட்டில் சர்க்கரையும் மைதாவும் இல்லை. வாயில் போடுவதையெல்லாம் நோட்டில் எழுதி வைப்பாராம். பவுடரை விட அந்த நோட்டு கதிருக்கு உதவும்.

'எக்ஸ்பெண்டபிள்ஸ் 3' எடுக்கும்போது பல்கேரியாவின் வர்னா நகரில் அவர் ஓட்டிய லாரி பிரேக் பிடிக்காமல் கருங்கடலுக்குள் போய்விட்டது. நீந்தி வெளியே வந்தார். பழைய டைவிங் வீரர் என்பதால்தான் பிழைத்தார் என்று அந்தப் படத்தில் கூட நடித்த சில்வெஸ்டர் ஸ்டாலோனே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு செய்தும், ஸ்டண்ட் கலைஞர்களுக்கு ஆஸ்கர் வேண்டும் என்று வெளிப்படையாகப் பேசியவர் அவர். அதனால்தான் அவர்மேல் எனக்குத் தனி மரியாதை. உயிரைப் பணயம் வைக்கிறவர்களின் முகம் திரையில் தெரிவதே இல்லையே! 2027-இல் வரும் படங்களிலிருந்து ஸ்டண்ட் வடிவமைப்புக்குத் தனி ஆஸ்கர் என்று 2025-இல் ஆஸ்கர் வழங்கும் அகாடமி அறிவித்தது. எனக்கே விருது கிடைத்த மாதிரி சந்தோஷம்.

லீவு விட்டதும் கதிரை இங்கே அனுப்பி வை. பக்கத்தில் நல்ல நீச்சல் குளம் இருக்கிறது, கோச்சும் பொறுமையானவர். நானே கூட்டிக்கொண்டு போகிறேன். அம்மாவுக்கு என் நமஸ்காரம், தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி