2024–25 ஆண்டறிக்கை: புதுச்சேரி வேல்ராம்பட்டு ஏரி

அவைத் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மரக்கன்று நடவும் மாணவர்களுக்கான ஏரி உலாவும் வழக்கம்போல் நடந்தன. இந்த அறிக்கையைப் பெரும்பாலும் ஏரித் தண்ணீருக்கே ஒதுக்குகிறேன்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் எவ்வளவு என்று தொடர்ந்து சோதித்தோம். மாதிரி எடுக்கும் நேரத்தை விடியற்காலைக்கு மாற்றியதையே இவ்வாண்டின் சிறந்த முடிவாகக் கருதுகிறேன். பாசி மண்டிய நீர் பிற்பகலில் நம்மை ஏமாற்றும். வெயிலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுவதால் அளவு நன்றாகவே காட்டும். இரவு முழுவதும் அதே பாசியும் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும் அந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். மீன்கள் பெரும்பாலும் விடியலில் செத்து மிதப்பது இதனால்தான். வழியில் ஆக்சிஜன் அளவு மாறிவிடாதபடி, அதை நிலைநிறுத்தும் வேதிப்பொருளைக் கரையிலேயே சேர்த்த பிறகுதான் குப்பிகளை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். குளிக்கத் தகுந்த நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது கரைந்த ஆக்சிஜன் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கழிவுநீர் நுழையும் இடங்களில் நம் விடியல் மாதிரிகள் அந்த அளவை எட்டவே இல்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. ஏரி நிரம்பித் தெளிந்ததைக் கண்டு உறுப்பினர் பலர் மகிழ்ந்தனர். என்னால் அதில் பங்குகொள்ள முடியவில்லை. மழை கழிவை நீர்க்கச் செய்ததே தவிர, அதன் வரத்து நிற்கவில்லை. பங்குனியில் நீர் வற்ற வற்றப் பாசியும் நாற்றமும் திரும்பின.

ஆகாயத்தாமரை அகற்றும் பணியில் மகளிர் உறுப்பினர்களின் உழைப்பை மனமார வணங்குகிறேன். வாரியதைக் கரையில் குவித்துவிட்டுப் போனால், அது அழுகி, தழைச்சத்தும் மணிச்சத்தும் அடுத்த மழையில் ஏரிக்கே திரும்பும். அதே சத்தில் மறுபடியும் செடி தழைக்கும். ஆகவே அன்றன்றே தொலைவுக்கு எடுத்துச் சென்று எருக்குழியில் இட்டார்கள்.

இருந்தும், வாய்க்கால் வழியே கழிவுநீர் வந்துகொண்டிருக்கும் வரை செடி அகற்றுவதை ஏரிச் சீரமைப்பு என்று சொல்ல நான் சம்மதிக்க மாட்டேன். ஏரியில் சேரும் ஒவ்வொரு வாய்க்காலையும் நடந்து பார்த்து வரைபடம் தயாரித்துள்ளோம். அதை இணைத்து உரிய துறைக்கு மனு அளித்தோம், பதில் வரவில்லை. சுற்றியுள்ள வீடுகள் அனைத்துக்கும் புதைசாக்கடை இணைப்புக் கோரும் தீர்மானத்தை இன்று அவையின் முன் வைக்கிறேன். வரும் ஆண்டிலும் மாதிரிகளை விடியலில்தான் எடுக்க வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து நிறைவேற்றித் தருமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்