எட்டாம் மாதமே கேட்டிருக்கலாமே: நெறிமுறைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவக் கல்லூரியில் நடக்கும் ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் தலைவர், உறுப்பினர் செயலர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரியின் பெயரை இங்கே எழுதவில்லை. பிரசவ வலியின் நடுவே என் தங்கையிடம் கையெழுத்து வாங்கி, அவளை ஒரு மருந்து ஆய்வில் சேர்த்ததைப் பற்றி நான் ஒரு மனு கொடுத்தேன். எந்த வார்டு, எந்தத் தேதி என்பதெல்லாம் அதில் இருக்கிறது. மனு கொடுத்து ஏழு வாரம் ஆகிவிட்டது. பதில் வரவில்லை, அதனால்தான் இந்த மடல். பெயர் சொல்லாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மனுவை எழுதிக்கொடுக்க உதவியவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் நடந்த இதே மாதிரி கதை ஒன்றைச் சொன்னார்கள். எல்லாம் வேறு வேறு ஊர், வேறு வேறு ஆஸ்பத்திரி.

என் தங்கைக்குப் பிரசவமாகி ஆறாவது வாரம் ஒரு போன் வந்தது. "ஸ்டடில இருக்கீங்கல்லம்மா, ஃபாலோ-அப்புக்குக் கூப்பிடுறோம். ரத்தப்போக்கு ஏதும் இருக்கா?" என்று கேட்டார்கள். குழந்தையை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "எந்த ஸ்டடிக்கா?" என்றாள்.

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அப்புறம்தான் அந்த இரவு ஞாபகம் வந்தது.

அன்று பிரசவத் துணையாக அவள் பக்கத்தில் நின்றது நான்தான். கருப்பை வாய் எட்டு சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு வலி. என் மணிக்கட்டில் அவள் நகம் பதிந்த தடம் நாலு நாள் மறையவில்லை. அந்த நேரத்தில் பட்டமேற்படிப்பு படிக்கும் இளம் டாக்டர் ஒருவர், அட்டையில் செருகிய தாள்களோடு வந்தார். "இங்க ஒரு கையெழுத்து போடும்மா. குழந்தை பிறந்ததும் ரத்தம் நிறைய போகாம இருக்க ஊசி போடுவோம், அதுக்குத்தான்" என்றார். அதற்குள் அடுத்த வலி வந்துவிட்டது. பேனாவைப் பிடித்தபடியே அவள் உடம்பு முறுக்கிக்கொண்டது. வலி இறங்கும்வரை அந்த டாக்டர் பொறுமையாகத்தான் நின்றார். இறங்கியதும் புள்ளி வைத்த கோட்டை விரலால் காட்டினார். தங்கை போட்டாள். தாளை என் பக்கம் திருப்பி, "நீங்களும் இங்க போடுங்கக்கா" என்றார். நானும் போட்டேன்.

அந்தப் படிவத்தைப் பார்க்க மூன்று முறை அலைந்தேன். மூன்றாவது முறை மேசைமேல் வைத்துக் காட்டினார்கள். நகல் தரவில்லை, போட்டோ எடுக்கவும் விடவில்லை. என் தங்கை பி.காம். படித்தவள், கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள். அவள் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். படிவத்தில் அது கோட்டில் தொடங்கி, கீழே சரிந்து, 'சாட்சி' என்று அச்சிட்ட கட்டத்துக்குள் போய் நிற்கிறது. கடைசி எழுத்தைக் காணோம். அதற்கு நேர் மேலே, ஆய்வைப் பற்றித் தெளிவாக விளக்கப்பட்டது, கேள்வி கேட்க வாய்ப்பு தரப்பட்டது, சுயநினைவுடனும் முழுமனதுடனும் சம்மதிக்கிறேன் என்று அச்சாகியிருக்கிறது. நேரம் 3.10. குழந்தை பிறந்தது 3.52.

சாட்சிக் கட்டத்தில் இருப்பது என் கையெழுத்து. அவளுக்கு எல்லாம் விளக்கப்பட்டதை நேரில் பார்த்தேன் என்று அதற்கு அர்த்தம். நான் அப்படி எதையும் பார்க்கவில்லை. இரண்டு ஊசிகளில் எது நல்லது என்று ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், அவளுக்கு எது என்பது சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி முடிவாகும் என்பதே அந்தத் தாளை மேசைமேல் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. என் தங்கையின் பக்கத்தில் நின்று நான் பொய்ச் சாட்சி போட்டிருக்கிறேன். இதை நினைக்காத நாள் இல்லை.

ஆராய்ச்சியே கூடாது என்று சொல்ல வரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வரும் ரத்தப்போக்கு எத்தனை தாய்மாரைக் கொண்டுபோகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்கப் போடும் ஆக்ஸிடோசின் ஊசியைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும், 2 முதல் 8 டிகிரிக்குள். கரண்ட் நிற்கிற ஊரில் அது எவ்வளவு கஷ்டம்! அதே வேலையைச் செய்யும், வெப்பத்தில் கெடாத கார்பெடோசின் என்ற மருந்தை அதோடு ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வில், இந்தியா உட்பட 10 நாடுகளில் 29,645 பெண்கள் பங்கெடுத்தார்கள். 500 மில்லியும் அதற்கு மேலும் ரத்தம் போவதைத் தடுப்பதில் அது ஆக்ஸிடோசினுக்குக் குறைந்ததில்லை என்று தெரியவந்தது. அந்தப் பெண்கள் சம்மதித்ததால்தான் அது தெரிந்தது. என் தங்கையிடம் விளக்கமாகக் கேட்டிருந்தால் அவளும் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பாள். அவளே என்னிடம் அப்படித்தான் சொன்னாள். "கேட்டிருந்தா நானே போட்டிருப்பேனேக்கா" என்றாள்.

என் கேள்வி ஒன்றுதான். பிள்ளை பெறும் எல்லாப் பெண்ணுக்கும் அந்த ஊசி தேவை. அது வலி வந்த பிறகு தெரிகிற விஷயமா? கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் போட்ட நாளிலிருந்து அவள் உங்கள் கணக்கில் இருக்கிறாள். கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கு வந்திருக்கிறார். கடைசி மூன்று மாதத்தில் மட்டும் ஆறேழு தடவை காலை எட்டு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கினாள். எடை பார்க்க, பி.பி. பார்க்க, ரத்தம் கொடுக்க, ஸ்கேனுக்கு என்று மதியம்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணோடு வளைகாப்புப் புடவையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் ஒருவர் வந்து பத்து நிமிடம் பேசி, தாளைக் கையில் கொடுத்து, "வீட்டில் கேட்டுவிட்டு அடுத்த தடவை சொல்லும்மா" என்றிருந்தால் போதும். எட்டாம் மாதமே கேட்டிருக்கலாமே!

ரத்தம் கொட்டுகிற நேரத்தில் காகிதம் நீட்ட முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தைப் பற்றி 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்து 2017-இல் வந்த ஆய்வில், அப்படிப்பட்ட நெருக்கடிக்கென்றே சம்மதத்துக்குத் தனி ஏற்பாடு செய்திருந்தார்கள். அது உயிர் போகிற அவசரம். என் தங்கைக்கு அப்படி ஒரு அவசரமும் இல்லை. மாதக்கணக்கில் நேரம் இருந்தது.

விதிகள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகள் இருக்கின்றன, 2019-இன் புதிய மருந்துகள் விதிகள் இருக்கின்றன. புரிகிற மொழியில் சொல்ல வேண்டும், யோசிக்க நேரம் தர வேண்டும், எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று சொல்ல வேண்டும், கையெழுத்தான படிவத்தின் நகலைத் தர வேண்டும். சேர்ந்ததே தெரியாதவள் எப்படி விலகுவாள்? ஆய்வுத் திட்டம் உங்கள் மேசைக்கு வந்தபோது, சம்மதத்தை எங்கே, எந்த நேரத்தில் வாங்குவீர்கள் என்று யாராவது ஒருவர் கேட்டீர்களா? பிரசவ அறையில்தான் என்று எழுதியிருந்தால் எப்படி அனுமதித்தீர்கள்?

கையெழுத்து வாங்கிய அந்த இளம் டாக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரவு முழுக்க நின்றுகொண்டிருந்தார், கண் சிவந்திருந்தது. தீசிஸ் முடிக்க இத்தனை சாம்பிள் வேண்டும் என்று அவருக்கும் நெருக்கடி இருக்கும். பெரியவர்கள் அனுமதித்த வழியில்தான் அவர் நடந்தார்.

தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில்தான் நடக்கிறது என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி நம்பி வருகிற பெண் "போடும்மா" என்றால் போடாமல் இருப்பாளா? போடாவிட்டால் சரியாகப் பார்க்க மாட்டார்களோ என்ற பயம் அவளுக்கு மட்டுமா, கூட நிற்கிற எங்களுக்கும்தான். ஏழைப் பெண்ணின் கையெழுத்து என்றால் எல்லோருக்கும் இவ்வளவு இளக்காரமாகப் போய்விட்டதே! பிள்ளை பெற்ற மேசையிலேயே காப்பர்-டி வைத்துவிட, பல மாதம் கழித்து ஸ்கேனில்தான் தெரிந்தது என்று சொல்லும் பெண்கள் எங்கள் தெருவிலேயே இருவர் இருக்கிறார்கள். அப்போது ஆந்திராவில் இருந்த கம்மம் மாவட்டத்தில் 2009-10-இல், கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி ஆய்வு நடந்தபோது விடுதிப் பிள்ளைகளுக்காக வார்டன்கள் கையெழுத்துப் போட்டார்கள். நாடாளுமன்றக் குழு 2013-இல் கடுமையாகக் கண்டித்தது. அமெரிக்காவில் 2005 முதல் 2009 வரை, குறைமாதத்தில் பிறந்த 1,316 சிசுக்களுக்கு ஆக்ஸிஜன் எவ்வளவு கொடுப்பது என்று ஓர் ஆய்வு நடந்தது. என்ன ஆபத்து என்று சம்மதப் படிவங்களில் பெற்றோருக்குச் சரியாகச் சொல்லவில்லை என்று அந்நாட்டு அரசு அலுவலகமே 2013-இல் எழுதியது. ஆய்வு சரிதான் என்று வாதாடிய டாக்டர்களும் நிறைய பேர். இருக்கட்டும். அத்தனை பெரிய நாட்டிலேயே அதை எல்லோர் முன்னாலும் வைத்துப் பேசினார்கள். எங்கள் மனுவுக்கு ஒரு வரி பதில் எழுத உங்களுக்கு ஏழு வாரம் போதவில்லை.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பிரசவத்தின்போதோ பிறந்த குழந்தை மேலோ நடக்கப்போகும் எந்த ஆய்வானாலும், கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வரும்போதே சொல்லுங்கள், அப்போதே கேளுங்கள். வலி வந்த பிறகு, "முன்னாடி சொன்னது ஞாபகம் இருக்கா, இப்பவும் சம்மதம்தானா" என்று மட்டும் கேட்டால் போதும். முன்கூட்டியே நீங்கள் சம்மதம் கேட்டிராத பெண்ணை, உயிர் போகிற அவசரம் இல்லாத ஆய்வில் சேர்க்க அனுமதிக்காதீர்கள். படிவத்தின் தமிழை எங்களைப் போன்ற இரண்டு பெண்களிடம் படிக்கக் கொடுத்துப் புரிகிறதா என்று பாருங்கள். 'சமவாய்ப்பு முறை ஒதுக்கீடு' என்றால் என்னவென்று பி.காம். படித்தவளுக்கே புரியவில்லை; சீட்டுக் குலுக்கிப் போடுவதைத்தான் அப்படி எழுதியிருக்கிறார்கள். உங்கள் குழுவில் மருத்துவர் அல்லாத பொது உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. தயவுசெய்து அவரை ஒரே ஒரு இரவு அந்த வார்டில் வந்து நிற்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்கள் வீட்டு விஷயம். தங்கை கையெழுத்துப் போட்ட அந்தப் படிவத்தின் நகல் எங்களுக்கு வேண்டும். அன்று விடியற்காலை 3.52-க்குப் பிறகு அவள் தொடையில் போட்டது எந்த ஊசி என்று அவள் கேட்கிறாள். தனக்குக் கெடுதல் வந்துவிட்டதென்று கேட்கவில்லை. அவள் நன்றாக இருக்கிறாள், பிள்ளையும் நன்றாக இருக்கிறான். தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறாள். அன்புகூர்ந்து பதில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பிரசவத் துணையாக நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட அக்கா