சதவீதத்தையும் சேர்த்து எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வீட்டுக் குறிப்புகளில், துணியில் படிந்த ரத்தக்கறைக்கும் பாத்ரூம் டைல்ஸ் பூஞ்சைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு போடச் சொல்லியிருந்தீர்கள். நல்ல குறிப்புதான். ஆனால் எத்தனை சதவீதம் என்று சொல்லவில்லை. எங்கள் திருப்பூரில் அதைச் சொல்லாமல் விடக்கூடாது.

மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். பாட்டிலில் '20 வால்யூம்' என்று போட்டிருக்கும். ஒரு மில்லி கரைசல் முழுதும் சிதைந்தால் 20 மில்லி ஆக்ஸிஜன் வரும் என்று பொருள். அதே அளவு தண்ணீர் கலந்தால் 3 சதவீதம். வீட்டு வேலைக்கு அது போதும்.

இங்கே துணி வெளுக்கும் பிளீச்சிங் பட்டறைகளில் இருப்பதோ 50 சதவீதம். ஏறக்குறைய 200 வால்யூம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். "கம்பெனியில நிறைய இருக்கு, பாத்ரூம் கழுவ ஆகும்" என்று அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் போகிறவர்களைப் பட்டறை ஆய்வகத்தில் வேலை பார்க்கும் நான் பார்க்கிறேன். அந்த அரை லிட்டருக்குள் சுமார் 100 லிட்டர் ஆக்ஸிஜன் அடங்கியிருக்கிறது. பெராக்சைடு கேனின் மூடியில் காற்றுப் போக வழி வைத்திருப்பார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு அது கிடையாது. உள்ளே கொஞ்சம் துருவோ அழுக்கோ விழுந்தால் சிதைவு வேகமெடுத்து, பாட்டில் உப்பி வெடிக்கலாம். இதனால்தான் வெளியே எடுத்ததைத் திரும்பக் கேனில் ஊற்றவே கூடாது என்கிறோம். லேபிள் இல்லாத பாட்டிலைத் தண்ணீர் என்று நினைத்துக் குழந்தை ஒரு வாய் குடித்துவிட்டால், வாயும் உணவுக்குழாயும் வெந்துபோவதோடு, ஆக்ஸிஜன் குமிழ்கள் ரத்தத்தில் ஏறி மூளைவரை போகக்கூடும்.

கையில் பட்டால் தோல் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்து, சுருக்கென்று எரியும். உடனே குழாயடியில் கழுவ வேண்டும். கண்ணில் தெறித்தால் 15 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரி. கீழே கொட்டியதை வேஸ்ட் துணியால் துடைத்து மூலையில் போடுவது பலருக்கும் பழக்கம். காயக் காய அது தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரை நிறைய ஊற்றித்தான் கழுவிவிட வேண்டும். வினிகரோடும் குளோரின் பிளீச்சோடும் கலக்கவே வேண்டாம்.

ஆன்லைனில் 'ஃபுட் கிரேடு' என்று 35 சதவீதம் விற்கிறார்கள். ஆலைகளில் பால், ஜூஸ் அட்டைப்பெட்டிகளைக் கிருமிநீக்கம் செய்யும் சரக்கு அது. பெயரைப் பார்த்துவிட்டுச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுக் குடிப்பவர்களும் உண்டு! குடிக்காதீர்கள் என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006-லேயே எச்சரித்துவிட்டது. வாங்கித் தண்ணீர் கலந்துகொண்டால் மலிவு என்பார்கள். பாதுகாப்புக் கண்ணாடி, கையுறை போடாமல் சமையலறையில் நின்று கலக்கிற வேலையா அது?

அடுத்த இதழில் அந்தக் குறிப்பைத் திருத்தி, '3 சதவீதம்; மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய 6 சதவீதத்தில் அதே அளவு தண்ணீர் கலந்தது' என்று போடுங்கள். அப்புறம், துணியின் உள்ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கவும் சொல்லுங்கள். கறையோடு சேர்ந்து துணியின் சாயமும் போய்விடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருப்பூர்