ஐஎஸ்பிஎன்னுக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெங்களூரில் தமிழ்ப் புத்தகத் திருவிழாவும் அடுத்துச் சென்னைக் கண்காட்சியும் நெருங்கும்போது, முதல் நாவலை எழுதி முடித்தவர்களின் கைப்பேசிக்கு 'பேக்கேஜ்' விளம்பரங்கள் வரத் தொடங்கிவிடும். இவ்வளவு கட்டினால் ஐஎஸ்பிஎன் (நூலை அடையாளம் காட்டும் எண்), காப்பிரைட், அட்டை, அச்சு, அமேசான் எல்லாம் எங்கள் பொறுப்பு என்பார்கள். அதில் முதல் இரண்டுக்கும் யாருக்கும் பேக்கேஜ் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணம் போக வேண்டிய இடம் வேறு.

ஐஎஸ்பிஎன் வழங்குவது மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை. கட்டணம் கிடையாது. எழுத்தாளர் தாமே பதிப்பாளராகப் பதிந்து இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எண் வராமல் பின்னட்டைக்குப் பார்கோடு போட முடியாது என்பதால் மெய்ப்பு (அச்சுக்கு முன் பிழை திருத்தம்) பார்க்கும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும். வேறொருவர் வாங்கிக் கொடுத்தால் பதிவில் பதிப்பாளர் அவர்தான். அடுத்த பதிப்பை நீங்களே போடும் நாளில் வேறு எண் வாங்கியாக வேண்டும்.

காப்பிரைட் எழுதிய கணமே எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு கட்டாயமில்லை, வேண்டுமென்றால் இலக்கியப் படைப்புக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய். கவனிக்க வேண்டியது ஒப்பந்தத்தை. உரிமையை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டு என்று 1957ஆம் ஆண்டுச் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகளைச் சேர்த்து எழுதியிருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பக்கம் கட்டிய (வடிவமைத்த), திருத்தக்கூடிய மூலக் கோப்பும் உங்களுக்குச் சேர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பிடிஎஃப் மட்டும் கையில் இருந்தால் நான்கு பிழை திருத்துவதற்குக்கூட அவர்கள் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

இனிப் பணம் போக வேண்டிய இடம்: மெய்ப்பும் பக்க வடிவமைப்பும். பெங்களூரில் இதுதான் பெரிய சிக்கல். இங்கே கணினியில் பக்கம் கட்டித் தரும் பல டிடிபி கடைகளில் கன்னடமும் ஆங்கிலமும் கட்டிப் பழகிய கைகள். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் யூனிகோடுத் தமிழை ஒட்டினால் கொம்பு தன் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கும். கட்டுபவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே அச்சுக்குப் போய்விடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்த கோப்பை யூனிகோடுக்கு மாற்றி எடுத்தால் காலுக்கும் (ா) ரகரத்துக்கும் குழப்பம் வரும். கண்ணில் படாத இன்னொரு பிழை உண்டு: 'கௌரி' என்பதை ஔகாரக் குறியில்லாமல் கெ, ள என இரண்டு எழுத்தாக அடிப்பது. தாளில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு இரண்டும் வேறு சொல். தலைப்பில் இந்தப் பிழை இருந்தால் மின்நூல் கடையில் பெயரைச் சரியாக அடித்துத் தேடுகிறவருக்குப் புத்தகம் சிக்காமல் போகலாம். வரியின் தொடக்கத்தில் மெய்யெழுத்து நிற்கக் கூடாது என்பது பழைய அச்சுக்கோப்பாளர்கள் விடாமல் பார்த்த விதி. மென்பொருள் அதைப் பார்க்காது, ஆள்தான் பார்க்க வேண்டும்.

மெய்ப்பு மூன்று முறை. ஒன்று சந்திப் பிழைக்கும் எழுத்துப் பிழைக்கும். அடுத்தது கதைக்கு: மூன்றாம் அத்தியாயத்துச் செல்வி பத்தாம் அத்தியாயத்தில் செல்லி ஆகியிருப்பாள். கடைசியாகப் பக்கம் கட்டிய பிறகு தாளில் எடுத்து ஒருமுறை. எழுதியவர் பார்த்தது கணக்கில் வராது; அவர் கண் மனத்தில் இருப்பதைப் படிக்குமே தவிர, தாளில் இருப்பதைப் படிக்காது. பெங்களூர் ஸ்ரீராமபுரத்துப் பேச்சில் கலந்து வரும் கன்னடத்தை உரையாடலில் வேண்டுமென்றே வைத்திருந்தால், அதைத் தொடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதையும் செந்தமிழாக்கிவிட்டால் அந்தப் பாத்திரம் வேறு ஊருக்குக் குடிபோய்விடும்.

அச்சுக் கணக்குக்கு வருவோம். டெமி என்ற புத்தக அளவில் 11 புள்ளி எழுத்தில் பக்கத்துக்கு ஏறக்குறைய 200, 220 சொல் அடங்கும். 40,000 சொல் நாவல் 190 பக்கத்தைத் தொடும். ஆஃப்செட்டில் (தகடு செய்து மொத்தமாக அச்சிடும் முறை) ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு பாரம் என்று வைத்தால் 192 பக்கம் பன்னிரண்டு பாரம். 195இல் போய் நின்றால் பதின்மூன்றாவது பாரம் ஏறும்: பதின்மூன்று பக்கம் வெள்ளை, காசு முழுசு. மூன்று அணிந்துரையை ஒன்றாகக் குறைத்தாலே பலருக்கு ஒரு பாரம் மிச்சமாகும். (முதல் நாவலுக்கு மூன்று பேர் சான்று சொல்வானேன்?) உள்தாள் 70 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) நேச்சுரல் ஷேட், அட்டை 300 ஜிஎஸ்எம், பளபளப்பில்லாத மேட் லேமினேஷன் போதும். தாளின் நார் ஓட்டம் முதுகுக்கு இணையாக இருக்கிறதா என்று கேளுங்கள். குறுக்கே ஓடினால் புத்தகம் விரியாமல் விறைத்து நிற்கும், மழைக்காலத்தில் அலையலையாக நெளியும். முதுகின் அகலத்தை உத்தேசமாகப் போட வேண்டாம். 192 பக்கம் என்பது 96 தாள், தாளுக்கு 0.1 மி.மீ. என்றால் ஏறக்குறைய 10 மி.மீ. வரும். பருமன் கூடிய தாளில் அதுவே 12ஐத் தாண்டும், முதுகிலுள்ள தலைப்பு முன்னட்டைக்கு நழுவும். அதே தாளில் வெற்றுப் பிரதி ஒன்று கட்டித் தரச் சொல்லி அளந்த பிறகு அட்டையை முடியுங்கள்.

எத்தனை பிரதி? பெயர் சொல்லி எண்ணக்கூடிய வாசகர்கள் நூறு பேர் என்றால் டிஜிட்டல் அச்சில் நூறு. ஆஃப்செட்டில் ஆயிரம் போட்டால் பிரதிவிலை இறங்கும். மீதி கட்டிலுக்கு அடியில் கிடக்கும். பிரதிக்கு 90 ரூபாய் செலவு, விலை 200 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதம் கழிவு போனால் கைக்கு 120. செலவைக் கழித்தால் 30. பார்சல் கூலியும் மூலை மடங்கித் திரும்பும் பிரதிகளும் அந்த முப்பதுக்குள்தான் அடங்க வேண்டும். விற்ற பிறகுதான் பணம் என்பது கடை வழக்கம். ஆகவே கொடுத்த பிரதிகளுக்குத் தேதியிட்ட ரசீது வாங்காமல் வராதீர்கள்.

மின்நூலுக்கு, எழுத்தாளர் தாமே பதிப்பிக்கும் அமேசானின் கேடிபி தளம் தமிழை ஏற்கிறது. இந்திய விற்பனையில் 70 சதவீதப் பங்கு வேண்டுமென்றால் 'செலக்ட்' திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்த 90 நாளும் அந்தக் கதையின் மின்வடிவம் வேறெங்கும் இருக்கக் கூடாது, இலவசமாகக்கூட. நம் ஊரிலிருந்தே இயங்கும் கதைத் தளமான பிரதிலிபியில் தொடராகப் போட்டவர்கள் அதை எடுக்க மறந்து மாட்டிக்கொள்வது இங்கேதான். 70 சதவீதத்தில் கோப்பின் அளவில் எம்பிக்கு 7 ரூபாய் வீதம் பிடித்தமும் உண்டு, அதனால் உள்ளே கனமான படங்கள் வேண்டாம். ஒவ்வொரு 90 நாளிலும் நூலை இலவசமாகத் தரக் கிடைக்கும் ஐந்து நாட்களை, விமர்சனக் குறிப்பெழுதத் தயாராக நாலு பேர் இருக்கும்போது பயன்படுத்துங்கள். உறவினர் எழுதும் ஐந்து நட்சத்திரங்களை அமேசான் கண்டுபிடித்தால் நீக்கிவிடும்.

தபாலில் மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே முதல் புத்தகங்களுக்கான 'ஞான் போஸ்ட்' வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100. புத்தகத்தில் பதிப்பாளர் அல்லது அச்சிட்டவர் பெயர் இல்லாவிட்டால் ஏற்க மாட்டார்கள்; சொந்தமாகப் போடுவோர் பலர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். நாவல் இதில் சேருமா என்று கவுன்டரில் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் பிரதி அனுப்ப வேண்டும் என்பது 1954ஆம் ஆண்டுச் சட்டம்.

வெளியீட்டு விழாவில் மண்டப வாடகைக்கும் பொன்னாடைக்கும் போகும் பணத்தில் இருபது பிரதியைப் படித்துவிட்டுப் பேசக்கூடியவர்களுக்கு அனுப்பலாம். விழாவுக்கு வருகிறவர்கள் காபி குடித்துவிட்டு வாழ்த்திப் போவார்கள். ஏற்கெனவே படித்துவிட்ட ஐந்து பேரை உட்காரவைத்துப் பேசவைத்தால் அன்று மாலையே பிரதிகள் நகரும். முதல் அத்தியாயத்தை வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். வாங்குவதற்கான இணைப்பு அதன் கடைசி வரியில் இருக்கட்டும்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு விண்ணப்பம். 'நூல் வரவு' பகுதியில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் வருகின்றன. விலையும், பெங்களூரில் எந்தக் கடையில் கிடைக்கும் என்பதும் பெரும்பாலும் வருவதில்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மெய்ப்பு பார்ப்போரும் பக்கம் கட்டுவோருமாகிய சிலர்,
அல்சூர், பெங்களூரு.