நாணய நிதியத்தின் மீளாய்வில் நாம் பார்க்கத் தவறும் அட்டவணை

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கைக்குக் கொடுக்கும் கடன் பற்றிய சர்வதேச நாணய நிதியத்தின் ஒவ்வொரு மீளாய்வும் முடிய, அடுத்த தவணைப் பணம் எவ்வளவு என்பதே நமது பத்திரிகைகளில் தலைப்புச் செய்தியாகிறது. பாதீட்டில் எந்தத் தொகையை நிதியம் இறுக்கிப் பிடிக்கிறது, எதை விட்டுப் பிடிக்கிறது என்பது வடக்கில் உள்ளவர்களுக்கு அதைவிட முக்கியம்.

நெருக்கடி வந்தால் வெளியாரின் பாதீட்டுக் கண்காணிப்பு எப்போதும் இறுகும் என்றில்லை. ஐரோப்பாவைப் பாருங்கள். பாதீட்டுப் பற்றாக்குறை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. 2003 இல் பிரான்சும் ஜேர்மனியும் அதைத் தாண்டியபோது ஒன்றியத்தின் நிதி அமைச்சர்களே நடவடிக்கையை நிறுத்திவைத்தார்கள். 2010 இல் கிரேக்கம் கடனில் மூழ்கியதும் நிலைமை மாறியது. 2013 முதல் யூரோ நாடுகள் அடுத்த ஆண்டுப் பாதீட்டு வரைவை ஒக்டோபர் 15 இற்குள் பிரசெல்சிலுள்ள ஒன்றியத் தலைமையகத்துக்கு அனுப்பவேண்டும். 2018 இல் இத்தாலியின் வரைவு நிராகரிக்கப்பட்டது. பற்றாக்குறை இலக்கை 2.4 இலிருந்து 2.04 சதவீதமாகக் குறைத்த பிறகே பிரச்சினை தணிந்தது. ஆனால் 2020 மார்ச்சில் கொவிட் எல்லா நாடுகளையும் ஒருசேரத் தாக்கியபோது, அதே ஒன்றியம் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்த அனுமதிக்கும் விதிவிலக்குப் பிரிவை முதல் தடவையாகக் கையிலெடுத்து 2023 முடிவு வரை எல்லைகளைத் தளர்த்தியது. பொதுவான நெருக்கடிக்குத் தளர்வு கிடைக்கிறது. தனியே கடன் கேட்டு நிற்கும் நாட்டுக்கு அது கிடைப்பதில்லை.

இலங்கை தனியே நின்ற நாடு. பற்றாக்குறையை 2006 இற்குள் 5 சதவீதமாக்குவோம் என்று 2003 இலேயே சட்டம் இயற்றினோம். பின்னர் அதைத் திருத்தித் திருத்திக் காலக்கெடுவைத் தள்ளிப்போட்டோம். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தினோம். 2023 மார்ச் 20 அன்று நாணய நிதியத்தின் ஏறத்தாழ 3 பில்லியன் டொலர் கடனும் 48 மாதக் கண்காணிப்பும் வந்தன. வட்டிச் செலவை நீக்கிப் பார்க்கும்போது வருமானம் செலவை விஞ்சும் தொகையான முதன்மை மிகை 2025 இலிருந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 சதவீதமாக இருக்கவேண்டும். வட்டி தவிர்ந்த செலவு 13 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று 2024 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டமும் சொல்கிறது.

நிதியத்தின் எண் இலக்குகள் இரண்டு தரம். முதல் தரத்து இலக்கு தவறினால் நிறைவேற்றுச் சபை விலக்கு அளிக்காமல் மீளாய்வு முடியாது, பணமும் வராது. இரண்டாம் தரம் வெறும் சுட்டிக்காட்டல்; தவறினாலும் விலக்குத் தேவையில்லை. முதன்மை மிகை முதல் தரத்தில் இருக்கிறது. சமூக நலச் செலவு இவ்வளவுக்குக் குறையக்கூடாது என்ற இலக்கோ இரண்டாம் தரத்தில். 2024 டிசெம்பர் முடிவில் மற்ற எண் இலக்குகள் எல்லாம் நிறைவேற, சமூக நலச் செலவு இலக்கு மட்டும் தவறியது. மீளாய்வு தடையின்றி முடிந்தது. இதை ஏற்க முடியாது. ஏழைக் குடும்பத்துக்குப் போகவேண்டிய பணமும் முதல் தரத்தில் வைக்கப்படவேண்டும்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. மிகையை வருமானத்தைக் கூட்டியும் காட்டலாம், செலவழிக்காமல் விட்டும் காட்டலாம். சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் ஒரு மாதம்கூடப் பிற்போட முடியாது. ஆகவே வீதி, குளம், பாடசாலைக் கட்டடம் என்று மூலதனச் செலவுதான் முதலில் தள்ளிப்போகிறது. பாதீட்டில் ஒதுக்கீடு இருக்கும், திறைசேரியிலிருந்து காசு வராது. அல்லது ஆண்டு முடியும் தறுவாயில் வந்து, கேள்விப்பத்திரம் கோரி வேலை முடிக்க நேரமில்லாமல் திரும்பிப் போகும். பெரும்பாலும் மத்திய அரசின் மானியத்தில் இயங்கும் வடக்கு மாகாணத்தை இது நேரடியாகத் தாக்கும்.

தங்கள் பத்திரிகை அடுத்த மீளாய்விலிருந்து, நிதிய அறிக்கையில் இலக்கு, உண்மை அளவு, நிறைவேறியதா இல்லையா என்று காட்டும் அட்டவணையைத் தமிழில் வெளியிடவேண்டும். அதன் பக்கத்திலேயே மூலதனச் செலவின் ஒதுக்கீட்டையும் உண்மையில் செலவான தொகையையும் போடுங்கள். இரண்டும் இணையத்தில் கிடைக்கும் ஆவணங்களே. அரைப் பக்கம் போதும்.

பொருளியல் ஆசிரியர்கள் சிலர்,
யாழ்ப்பாணம்.