எந்த சர்வே நம்பர்ல வீடு கட்டலாம்னு எங்களுக்கு சொல்லுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் கோத்தகிரி தாலுக்கா கட்டபெட்டு பக்கத்துல இருந்து எழுதுறேன். ஒரு தனியார் ஸ்கூல்ல டீச்சர். வீட்டுக்காரர் கேரட்டு லோடு ஏத்திக்கிட்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி ஓட்டுறார். ரெண்டு பிள்ளைங்க, கூட எங்கம்மா. கல்யாணம் ஆகி பதிமூணு வருஷமா வாடகை வீடுதான், இப்ப இருக்குறது நாலாவது வீடு. போன வீட்ட ஓனர் ஹோம்ஸ்டே ஆக்கப்போறேன்னு சொல்லி காலி பண்ண சொன்னார், சீசன்ல ஒரு நாளைக்கு 3,000 ரூபா வருதாம் நாங்க மாசத்துக்கே 7,500தான் குடுத்தோம். அவர் மேல கோவம் இல்லைங்க, பசுந்தேயிலைக்கு விலை கிடைக்காத காலத்துல அவரும் என்னதான் பண்ணுவார். ஆனா அன்னிக்கு சாமான எல்லாம் டெம்போல ஏத்தும்போது பெரியவ ‘நம்ம வீடு எப்பம்மா கட்டுவோம்’னு கேட்டா, அப்ப முடிவு பண்ணினோம், இனி வாடகை வேணாம்னு.

நகை, சேத்து வச்சது, பேங்க் லோன் எல்லாம் சேத்து 28 லட்சம் வரைக்கும் எங்களால முடியும். எங்க வாங்குறதுன்னுதான் ஒரு வருஷமா வீட்ல பேச்சு.

வீட்டுக்காரர் கீழ இறங்கிடலாம்னு சொல்றார். காரமடை பக்கம் அப்ரூவ்டு சைட்டு, சமதளமா இருக்கு, ரோடு தெரு லைட்டு எல்லாம் போட்டிருக்காங்க, பேங்க்குல கேட்டா மறுவார்த்தை இல்லாம லோன் தர்றேங்குறான். செங்கல் எம்சாண்ட் சிமெண்ட் எல்லாம் பக்கத்துலயே கிடைக்கும், இங்க அதே சாமான் மலை ஏறி வரணும், லாரி நிக்குற இடத்துல இருந்து மனை வரைக்கும் தலைச்சுமையா தூக்கணும், அதுக்கு தனி கூலி, அப்புறம் வீட்டுக்கு முன்னாடி தடுப்பு சுவர் கட்டணும், அதுக்கே ஒரு ரூம் கட்டுற காசு போயிடும். நம்ம ஊர்ல இருந்து எத்தன பேர் மேட்டுப்பாளையம், காரமடை, துடியலூர்னு வீடு கட்டி இறங்கிட்டாங்க, ஹட்டில (படுகர் கிராமத்துல) பாதி வீடு பண்டிகைக்குத்தான் திறக்குதுன்னு அவர் சொல்றது உண்மைதான்.

எனக்குத்தான் மனசு வரல. எங்கம்மா இலங்கைல தேயிலை தோட்டத்துல பொறந்தவங்க. 1964ல சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்துல இந்தியாவுக்கு அனுப்பினாங்களே, அந்த கூட்டத்துல தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் கேம்ப்ல இருந்து, நீலகிரிக்கு வந்தாங்க. ஒரு எஸ்டேட்ல முப்பது வருஷத்துக்கு மேல கொழுந்து எடுத்தாங்க, ரிட்டையர் ஆனதும் லைன் வீட்ட காலி பண்ணுன்னு சொல்லிட்டாங்க. ரெண்டு நாட்டுல வேலை செஞ்சும் அவங்க பேர்ல ஒரு செண்டு மண்ணு கிடையாது. மேட்டுப்பாளையம் வெயில்ல ரெண்டு நாள் இருந்தாலே மூச்சு வாங்குறாங்க, அவங்கள திரும்பவும் ஒரு தடவ ஊர் விட்டு ஊர் கூட்டிட்டு போக சொன்னா நான் எப்படி சரின்னு சொல்றது. என் வேலையும் பிள்ளைங்க படிப்பும் இங்கதான் இருக்கு. முன்னெல்லாம் பெரிய நோய்னா கோயமுத்தூர்தான், மலை இறங்குறதுக்குள்ள உசிர் போயிடும்னு பயம் இருந்துச்சு. 2022ல ஊட்டிக்கு மெடிக்கல் காலேஜ் வந்துச்சு, அந்த பயமும் கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

சரின்னு இங்கயே தேட ஆரம்பிச்சோம். ரோட்டோரம் செண்டு 9 லட்சம் சொன்னாங்க, ஜீப்பு மட்டும் போற இடத்துல 4 லட்சம். இங்க 7 மீட்டர் உயரத்துக்கு மேல கட்டக்கூடாது, அதனால கீழ மாதிரி பிளாட்டு கட்டி பத்து குடும்பம் ஒரே மண்ண பங்கு போட்டுக்க வழி இல்ல. அந்த ரூல் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன், இந்த மலைக்கு அது வேணும். ஆனா இருக்குற கொஞ்சம் மண்ண பெங்களூர் சென்னைல இருந்து வர்றவங்க காட்டேஜ் கட்ட கேக்குற விலைக்கு நாங்க ஈடு குடுக்க முடியுமா. வருஷத்துக்கு பதினஞ்சு நாள் வந்து தங்குற வீட்டுக்காக அவங்க குடுக்குற ரேட்டுதான் இப்ப எல்லாருக்கும் ரேட்டு.

பத்திர செலவும் இருக்கு. முத்திரைத்தாள் 7 பர்சன்ட், பதிவுக்கு 2. 2025 ஏப்ரல்ல இருந்து பொம்பளைங்க பேர்ல வாங்கினா பதிவு கட்டணத்துல 1 பர்சன்ட் குறைச்சிருக்காங்க, நல்ல விஷயம், ஆனா அது 10 லட்சத்துக்குள்ள இருக்குற சொத்துக்கு மட்டும்தான். செண்டு 4 லட்சம்னு நாலு செண்டு வாங்கினாலே 16 லட்சம், எங்களுக்கு அது எட்டல.

இதெல்லாம் கூட எப்படியாவது சமாளிச்சிடலாம்னு வைங்க. நான் இந்த கடிதம் எழுத காரணம் வேற. போன ஐப்பசில ஒரு இடம் பார்த்தோம், நாலு செண்டு, புரோக்கர் கூட்டிட்டு போனார். சரிவுல சமமா வெட்டி மேடை மாதிரி அழகா வச்சிருந்தாங்க, எதுத்தாப்ல பள்ளத்தாக்கு பூரா தேயிலை, அம்மா அங்கயே உக்காந்துட்டாங்க, அவங்களுக்கு ரொம்ப பிடிச்சுப்போச்சு. பட்டா சரியா இருந்துச்சு, வில்லங்கம் போட்டு பார்த்தோம் 30 வருஷத்துக்கு சுத்தமா இருந்துச்சு, தாய்ப்பத்திரமும் காட்டினாங்க. 50,000 அட்வான்ஸ் குடுக்கலாம்னு இருந்தோம், அதுக்கு முந்தின நாள் சாயங்காலம் வீட்டுக்காரர் அவருக்கு தெரிஞ்ச ஒரு வயசான மேஸ்திரிய கூட்டிட்டு போய் காட்டினார். அவர் மனைய சுத்தி ஒரு தடவ நடந்தார், கடப்பாறைய ஓரத்துல ஒரு குத்து குத்தினார், அது பொசுக்குன்னு உள்ள போச்சு. ‘பாதி மனை வெட்டுன மண்ணு, பாதி மனை கொட்டுன மண்ணுப்பா’ன்னார். மேல சரிவுல வெட்டின மண்ண கீழ சரிவுல கொட்டி மட்டம் பண்ணி இருக்காங்க, வீடு கட்டினா பாதி அஸ்திவாரம் கெட்டி மண்ணுலயும் பாதி அஸ்திவாரம் கொட்டுன மண்ணுலயும் உக்காரும். அது மட்டும் இல்ல, அங்க ஒரு ஊத்து இருந்திருக்கு, அத மூடிட்டாங்க. மழை பேஞ்சா அந்த தண்ணி போக வழி இல்லாம மண்ணுக்குள்ளயே தங்கும், மண்ணு கனம் ஏறும், ஒரு நாள் ராத்திரி மொத்தமா வழுக்கிட்டு போகும்னு சொன்னார். தேயிலை செடி இருந்தப்ப வேர் புடிச்சு வச்சிருந்துச்சு, அதையும் புடுங்கியாச்சு.

எனக்கு கை கால் எல்லாம் ஆடிப்போச்சு. 2009 நவம்பர் மழை ஞாபகம் இருக்குறவங்களுக்கு ஏன்னு தெரியும். ஒரே நேரத்துல கேத்தி, அச்சனகல், குன்னூர்னு மலை பூரா சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல செத்தாங்க, அப்ப நான் காலேஜ்ல படிச்சிட்டு இருந்தேன், ரோடு எல்லாம் அறுந்து போய் வீட்டுக்கு வர முடியாம ஹாஸ்டல்ல அழுதுக்கிட்டு கிடந்தேன். 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சில ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் பேஞ்சுது. 2024 ஜூலை 30, கூடலூர் தாண்டினா இருக்குற வயநாட்ல முண்டக்கை, சூரல்மலை என்ன ஆச்சுன்னு உலகமே பார்த்துச்சு. அங்க செத்துப்போனதுல நிறைய பேர் எங்கள மாதிரி தோட்டத்துல வேலை பாத்து சிறுக சிறுக சேத்து வீடு கட்டினவங்கதான்.

நான் கேக்குறது என்னன்னா, பட்டாவுல அந்த ஊத்த பத்தி ஏன் இல்ல? வில்லங்கத்துல ஏன் இல்ல? ஒவ்வொரு மழைக்காலத்துக்கும் முன்னாடி நீலகிரில 283 இடம் ஆபத்தான இடம்னு கண்டுபிடிச்சு வச்சிருக்கோம்னு மாவட்ட நிர்வாகம் சொல்லுது, உங்க பேப்பர்லயே படிக்கிறோம். அந்த லிஸ்ட பார்த்து மழை நேரத்துல ஆளுங்கள கேம்ப்புக்கு கூட்டிட்டு போறாங்க, அதுக்கு நன்றி. ஆனா அதே லிஸ்ட் மண்ணு வாங்கப்போற எங்களுக்கு வாங்குறதுக்கு முன்னாடி கண்ணுல படணுமா வேணாமா? மேஸ்திரி இல்லன்னா நான் என் பிள்ளைங்கள அந்த மேடை மேல தூங்க வச்சிருப்பேன்.

இன்னொண்ணு. விலை கம்மியா இருக்கேன்னு கூடலூர் பக்கமும் விசாரிச்சோம், அங்க வீட்டுக்காரரோட சொந்தக்காரங்க இருக்காங்க. ஜென்மம் நிலம் (முன்னாடி ஜென்மின்னு சொல்ற பெரிய நிலக்காரங்க கைல இருந்த நிலம்), செக்‌ஷன் 17ன்னாங்க. 1969ல ஜென்மம் ஒழிப்பு சட்டம் வந்து இவ்ளோ வருஷம் ஆச்சு, அதோட 17வது பிரிவுல வர்றதுதான் இந்த நிலம், இன்னும் அந்த நிலத்துல இருக்குறவங்களுக்கு பட்டா இல்ல, பட்டா இல்லாததால கரண்ட்டு கனெக்‌ஷன் கூட வாங்க முடியாம பிள்ளைங்கள வச்சிக்கிட்டு கஷ்டப்படுற வீடு எத்தனையோ இருக்கு. எங்கள மாதிரி இலங்கைல இருந்து வந்த சனம்தான் அங்க நிறைய. அந்த மாதிரி இடத்த வெத்து பேப்பர்ல எழுதி விக்க ஆளு இருக்கான், வெளியூர்ல இருந்து வந்து வாங்குறவனுக்கு என்ன தெரியும். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்துல இருந்த ரிசார்ட்டுங்க கேஸ் 2020ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வரைக்கும் போச்சு, அங்கயும் முன்னாடியே சொல்லி இருந்தா காச கொட்டிட்டு நிக்குற நிலமை பல பேருக்கு வந்திருக்காது. யானைக்கு வழி வேணும் சார், அதுல எனக்கு மாத்து கருத்து இல்ல. எது யானை போற வழி எது மனுஷன் வீடு கட்டுற இடம்னு பத்திர ஆபீஸ்லயே தெரியணும்னுதான் சொல்றேன்.

இப்ப ஹாகா (மலைப்பகுதி பாதுகாப்புக்கான அரசு குழு) லிஸ்ட்ல இருக்குற கிராமத்துல கட்டணும்னா வனத்துறை, வேளாண் பொறியியல் துறை, கனிம வளத்துறைன்னு ஒவ்வொரு ஆபீசா தடையில்லா சான்று வாங்கணும். மண்ணு பார்த்து சொல்லத்தான் அந்த துறைங்க இருக்கு, வேணும்தான். ஆனா அதெல்லாம் நாங்க மண்ணுக்கு முழு காசும் குடுத்து பத்திரம் முடிச்சதுக்கு அப்புறம்தான் நடக்குது. அப்ப போய் இந்த சரிவுல கட்டக்கூடாதுன்னு சொன்னா, வித்தவன் காச வாங்கிட்டு போயிருப்பான், லோன் வட்டி எங்க தலைல இருக்கும். பட்டா இன்னிக்கு போன்லயே பார்க்க முடியுது, வில்லங்கம் ஆன்லைன்ல வருது. அதே இடத்துல சர்வே நம்பர் போட்டா இது நிலச்சரிவு லிஸ்ட்ல இருக்கா, செக்‌ஷன் 17ஆ, யானை வழியா, ஹாகா கிராமமான்னு நாலு வரி வரணும். தகவல் எல்லாம் அரசாங்கத்துகிட்ட தனித்தனி பீரோல கிடக்கு, புதுசா யாரும் கண்டுபிடிக்க வேண்டியது இல்ல.

அப்படியே வீட்டு வசதி வாரியமும், கெட்டியான மண்ணுன்னு துறைங்க சொல்ற இடத்துல, வருஷம் பூரா இங்கயே இருந்து வேலை பாக்குறவங்களுக்குன்னு 500, 600 சதுர அடில சின்ன வீடு கட்டி தவணைல குடுக்கலாம். டீச்சர், டிரைவர், நர்ஸ், பேக்டரில வேலை பாக்குறவங்க, கொழுந்து எடுத்து ரிட்டையர் ஆனவங்க எல்லாரும் கீழ இறங்கிட்டா இந்த ஊர் யார வச்சு ஓடும்.

காரமடை சைட்டுக்கு தை மாசத்துக்குள்ள அட்வான்ஸ் குடுக்கணும்னு கேக்குறாங்க. நான் வீட்டுக்காரர்கிட்ட அதுவரைக்கும் பொறுங்கன்னு கெஞ்சி டைம் வாங்கி வச்சிருக்கேன். அந்த 283 இடம் எதுஎதுன்னு கிராமம், சர்வே நம்பரோட உங்க நீலகிரி பக்கத்துலயாவது கேட்டு வாங்கி போடுங்க சார், ஒரே நாள்ல முடியலன்னா தாலுக்கா வாரியா போடுங்க. கோத்தகிரிய முதல்ல போட்டா எங்களுக்கு உதவியா இருக்கும்.

இப்படிக்கு,
உங்க பேப்பர தினமும் படிக்குற ஒரு டீச்சர்,
கட்டபெட்டு, நீலகிரி மாவட்டம்