ரோட்டை வெட்டிட்டு அப்படியே விட்ட அதிகாரிங்களுக்கு ஒரு மடல்

மதிப்புக்குரிய அதிகாரிங்களுக்கு வணக்கமுங்க,

எந்த ரோடுன்னு உங்களுக்கே தெரியும், மனு மேல மனு வந்துருக்கும், அதனால கதையை மொதல்ல இருந்து சொல்லலைங்க. குடிநீர் குழாய்க்கு நெடுக வெட்டுனீங்க, குழாய் பதிச்சாச்சு, தண்ணியும் வருது, நன்றி. ஆனா போன வாரம் அந்தக் குழி மேல கிராவலைக் கொட்டி ஜேசிபி பக்கெட்டால நாலு தட்டு தட்டிட்டு வேலை முடிஞ்சதுன்னு போயிட்டாங்க பாருங்க, அதுக்குத்தான் இது. ஒரு மழைக்கே அது பூராம் சேறாயிருச்சு.

நான் பண்ணையில இருந்து குட்டியானையில முட்டை ஏத்தி கடைங்களுக்குப் போடறவனுங்க. அட்டைக்கு 30 முட்டை, அடுக்கி கயிறு போட்டுத்தான் கட்டுவோம். பின்சக்கரம் அந்தப் பள்ளத்துல எறங்கி ஏறுச்சுன்னா அடியில இருக்கற அட்டை நசுங்கிரும். ஒண்ணு ஒடைஞ்சா ஒண்ணுதான நஷ்டம்னு நெனைக்காதீங்க, கரு ஒழுகி அட்டை ஊறி, கடைக்குப் போறதுக்குள்ள பக்கத்துல இருக்கற நல்ல முட்டையும் அட்டையோட ஒட்டிக்கும், பிரிச்சா ஓடு கையோட வரும். தப்பிச்சதெல்லாம் கறை முட்டை, கடைக்காரர் பாதி விலைக்குக் கேப்பாரு, இல்லைன்னா திருப்பி ஏத்திக்கம்பாரு. பண்ணைக்கு நான் முழுக்காசும் கட்டோணும். வண்டிக்கு அடியில பாரந் தாங்கற லீஃப் பட்டை ஒடைஞ்சா பட்டறைச் செலவு தனி.

புது ரோடு கேக்கலைங்க. வெட்டுன இடத்துல அடுக்கடுக்கா மண்ணைப் போட்டு, தண்ணி விட்டு ரோலர் ஓட்டி, ஜல்லியும் தூளும் தண்ணியோட கலந்த வெட்மிக்ஸ் போட்டு, அதுமேல தார் போடுங்க, ஐப்பசி மழைக்கு முன்னால. அவ்வளவுதான்.

நிதி இல்லைங்கறீங்க. ரோட்டை வெட்டறதுக்கு முன்னாலயே சீரமைப்புக் கட்டணம் கட்டித்தான அனுமதி வாங்கோணும், அந்தக் காசு எங்கீங்க? டீசல் போட்டா அதுல ரோட்டுக்குன்னு ஒரு செஸ், நாலு வழிச்சாலை ஏறுனா டோல், 2023 நவம்பர்ல இருந்து லட்சத்துக்கு மேல விலை இருக்கற புது பைக்குக்கு ஆயுட்கால வரியே 12 சதவீதம். வாங்கறது மட்டும் ஒரு நாள் தவறறதில்லை. இந்தியா பூராம் ஓடற லாரிக்கு நாமக்கல்ல பாடி கட்டறாங்க, அந்த மாவட்டத்துல முட்டை வண்டி ஓட்ட ரோடு இல்லை. நீங்க வெட்டி விட்ட குழியைப் பாத்தா போர் போடற திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரங்களே அசந்து போயிருவாங்க. பெரிய ஆளுங்க யாராச்சும் வர்றதா இருந்தா ஒரே ராத்திரியில தார் வந்துருதே, தேதி மட்டும் சொல்லுங்க, யாரையாச்சும் நாங்களே கூட்டியாறோம்.

வாய் நீண்டுருச்சு, தப்பா எடுத்துக்காதீங்க. மறுபடியும் கேட்டுக்கறேன், மழைக்கு முன்னால ரோலர் ஓட்டி தார் போட்டுக் குடுங்க. வேலை நடக்கறப்போ ஒரு எஞ்சினியர் கூட நின்னு பாத்தா போதுமுங்க. இன்னொரு லோடு கிராவல் மட்டும் தயவுபண்ணி அனுப்பாதீங்க.

இப்படிக்கு,
முட்டை வண்டிக்காரன்